பாசிர் கூடாங் சாலையில் ஆறும் இரும்பு

ஜோகூர் பாருவிலிருந்து கிழக்கே பாசிர் கூடாங் போகும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்குத்தான் முதல் உரிமை. செம்பனை எண்ணெய் ஏற்றிய டேங்கர்களும் கன்டெய்னர் லாரிகளும் வரிசைபிடித்துப் போகும். இடையிடையே ஒரு பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு பெருங்குழாய்கள் ஊர்ந்து வரும். பெர்மாஸ் ஜெயா, பிளெந்தோங், மாசாய் எல்லாம் தாண்டிவிட்டால் காற்றில் எண்ணெய் காய்ச்சும் வாசனை ஏறுகிறது. சுமார் 30 கிலோமீட்டர் போனால் கடல். கடலோரத்தில் 1977இல் தொடங்கிய ஜோகூர் துறைமுகம். பட்டத் திருவிழா நாட்களில் இந்த ஊருக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவதுண்டு. மற்ற நாட்களில் வருகிறவர்களுக்கு இரும்போடோ எண்ணெயோடோ ஏதாவது வேலை இருக்கும்.

துறைமுகத்தை ஒட்டி மலேசியா மரைன் அண்ட் ஹெவி இன்ஜினியரிங் நிறுவனத்தின் கப்பல் தளம் இருக்கிறது. 1973இல் மலேசியா ஷிப்யார்ட் என்ற பெயரில் தோன்றிய நிறுவனம் இது. குமுசுட்-ககாப் என்ற மிதவை எண்ணெய் மேடை இங்கே கட்டப்பட்டு 2013இல் சபா கடலுக்குப் புறப்பட்டது. இன்று சுமார் 1,200 மீட்டர் ஆழக் கடலில் மிதந்தபடி எண்ணெய் எடுக்கிறது. அதன் மேல்தளத்தை 2012இல் தூக்கி அடிப்பகுதியின்மேல் உட்காரவைத்தபோது தூக்கிய எடை 23,000 டன்னுக்கும் மேல். கடலடியோடு எஃகுக் குழாய்களால் இழுத்துக் கட்டும் வகையில் மலேசியாவின் முதல் மேடையான மலிக்காயும் இதே தளத்திலிருந்துதான் 2016இல் கடலுக்குப் போனது.

இவ்வளவு பெரிய உருவங்களை ஒட்டவைத்திருப்பது வெல்டிங். தடித்த தகட்டின் மூட்டை ஒரே இழுப்பில் நிரப்பிவிட முடியாது. முதலில் ரூட் பாஸ், அதன்மேல் நிரப்பும் பாஸ்கள், கடைசியில் கேப்பிங் என்று வரிவரியாக ஏற்றவேண்டும். ஒரு வரி போட்டு முடித்து அடுத்த வரி தொடங்கும் நொடியில் உலோகம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைத் தளத்தில் எல்லோரும் ‘இன்டர்பாஸ்’ என்கிறார்கள். கனமான எஃகில் அது ஏறத்தாழ 100 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரிசல் பயம். 250ஐத் தாண்டினால் உறுதி குறையும் பயம். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் கையை ஓட்டுவதுதான் நல்ல வெல்டரின் தேர்ச்சி. பாசிர் கூடாங்கில் அரை நூற்றாண்டாக ஆயிரக்கணக்கானவர்கள் இதைச் செய்து பழகியிருக்கிறார்கள்.

உலோகத்தை முப்பரிமாணத்தில் அச்சிடும் இன்றைய முறைகளில் ஒன்று, இந்த வெல்டிங்கை அப்படியே தூக்கி ரோபாட்டின் கையில் கொடுத்ததுதான். 1.2 மில்லிமீட்டர் கம்பி, ஒரு மிக் வெல்டிங் டார்ச், கணினி சொன்ன பாதையில் நகரும் இயந்திரக் கை. கம்பி உருகி ஒரு வரியாக விழுகிறது. அதன்மேல் இன்னொரு வரி. இப்படியே பாத்திரமோ குழாயோ இறக்கையோ மேலெழும்புகிறது. லேசர் கொண்டு உலோகப் பொடியை உருக்கும் வழக்கமான அச்சு இயந்திரம் ஒரு மணி நேரத்தில் சில நூறு கிராம் ஏற்றினாலே பெரிது. மின்வில் சாதாரணமாக மணிக்கு இரண்டு மூன்று கிலோ எஃகை ஏற்றிவிடும். யோசனையும் புதிதல்ல. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரால்ப் பேக்கர் என்பவர் வெல்டிங் உலோகத்தை அடுக்கி அலங்காரப் பொருட்கள் செய்யும் முறைக்கு 1920இல் விண்ணப்பித்து 1925இல் காப்புரிமை வாங்கினார். நூறு வருடமாக யோசனை தயாராக இருந்தும் தொழிலாக மாறத் தாமதமானதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று சூடு.

அந்தச் சூட்டை அருகில் நின்று பார்க்க, பெரிய தளத்தின் வாசலில் அனுமதிச் சீட்டு கேட்டு நிற்கவேண்டியதில்லை. மாசாயிலிருந்து உலு திராம் பக்கம் திரும்பும் சாலைகளில் தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறைகள் வரிசையாக உண்டு. அப்படி ஒன்றில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் வெல்டர், செம்பனை ஆலையிலிருந்து வந்த திருகுத் தண்டு ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தார். ஆலையில் வெந்த பழத்தை நெரித்து எண்ணெய் பிழிவது இந்தத் திருகுதான். கொட்டை ஓடும் நாரும் மணலும் உரசி உரசி, ஆயிரம் மணி நேர ஓட்டத்தை ஒட்டியே அதன் விளிம்புகள் தேய்ந்து கத்தி முனையாகிவிடும். தேய்ந்ததைக் குப்பையில் போடுவதில்லை. சாதாரண எஃகுக் கம்பியால் முதலில் உடம்பை வளர்த்து, மேலே குரோமியம் கலந்த கடினக் கம்பியால் இரண்டு மூன்று அடுக்கு போர்த்தினால் திருகு மறுபடியும் ஆலைக்குப் போகும். யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லையே தவிர, கையால் செய்யும் உலோக அச்சு இதுதான். ஜோகூரின் செம்பனைப் பரப்பு முழுவதும் இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது.

அவர் வேலை செய்த விதத்தைக் கவனித்தால், பொறியியல் கட்டுரைகள் பல பக்கங்களில் விளக்குவது அப்படியே தெரியும். திருகின் ஒரு பக்கத்தில் ஒரு விரல் நீளம் போட்டார். உடனே அதையொட்டித் தொடராமல் தண்டை அரைச் சுற்று உருட்டி எதிர்ப்பக்கத்தில் அடுத்த வரியைப் போட்டார். ஒரே பக்கம் சூடேறினால் தண்டு அந்தப் பக்கமாகவே வளைந்துகொள்ளும். மூன்று நான்கு வரி முடிந்ததும் டார்ச்சைத் தொங்கவிட்டார். உதவியாளர் பையன் கிரைண்டரை எடுக்க, அவர் தடுத்தார்:

“தம்பி, கைய வச்சுப் பாக்காத. சாக்க எடுத்துக் கோடு போடு. உருகுச்சுன்னா இன்னும் சூடு இருக்கு. கொஞ்சம் விடு, ஆறட்டும்.”

பையன் தேய்த்தது வெப்பநிலை காட்டும் சாக்குக்குச்சி. அதன்மேல் எழுதியிருக்கும் டிகிரியை உலோகம் எட்டியிருந்தால் கோடு சட்டென்று உருகிப் பளபளக்கும். எட்டவில்லையென்றால் பள்ளிக்கூடச் சாக்குப்போல வறண்ட கோடாக நிற்கும். முதல் தடவை உருகியது. இரண்டாம் தடவை பாதி உருகிப் பாதி பொடியாக நின்றது. மூன்றாம் தடவை வெள்ளைக்கோடு அப்படியே நிற்க, வெல்டர் முகமூடியை இறக்கினார்.

“அவசரப்பட்டா என்ன ஆகும்ண்ணே?” என்று கேட்டதற்கு, பட்டறை மூலையில் கிடந்த ஒரு பழைய துண்டைக் காட்டினார். அதில் வரிகள் வரிகளாகவே இல்லை. ஒன்றின்மேல் ஒன்று வழிந்து பக்கவாட்டில் தொங்கியிருந்தன. “சூட்டுமேல சூடு போட்டா நிக்காது. ஒழுகிரும்.”

மாசாய்க் கடைத்தெருவில் தோசை ஊற்றும் எவருக்கும் இது விளங்கும். முதல் தோசைக்குக் கல் அடங்காது. ஐந்தாறு தோசைக்குப் பிறகு கல் மிஞ்சிவிடும். மாவு பரவாமல் சுருண்டு ஒட்டும். தண்ணீர் தெளித்து இறக்கினால்தான் அடுத்தது வரும். ரோபாட்டுக்கும் அதே கதைதான், ஆனால் அதன் கல் ஒவ்வொரு அடுக்கிலும் உயர்ந்துகொண்டே போகிறது.

எப்படியென்றால்: அடித்தகட்டின்மேல் விழும் முதல் வரியின் சூடு கீழும் பக்கமுமாக எல்லாத் திசையிலும் ஓடி மறைகிறது. தகடு தடியாக இருப்பதால் வரி நொடிகளில் உறையும். ஐம்பதாவது அடுக்கில் நிலைமை வேறு. கீழே இருப்பது நாலைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய சுவர். சூட்டுக்கு ஒரே வழி அந்தச் சுவர் வழியாக இறங்குவது. பக்கங்களில் காற்று இருக்கிறது, ஆனால் காற்று சோம்பேறித்தனமாகத்தான் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதனால் அடுக்குக்கு அடுக்கு சூடு தேங்குகிறது. உருகிய குளம் பெரிதாகிறது, வரி அகன்று தட்டையாகிறது, கணினி கணக்கிட்ட உயரம் வருவதில்லை. டார்ச் முனைக்கும் உலோகத்துக்கும் இடைவெளி கூடக்கூட வில் தடுமாறுகிறது. கண்ணுக்குத் தெரியாத கெடுதல் உள்ளே நடக்கிறது: மெதுவாக ஆறும் எஃகில் படிகங்கள் பருத்து உறுதி குறைகிறது, சுருங்கும் மேலடுக்கு கீழடுக்கை இழுத்து, கிளாம்பை அவிழ்த்தவுடன் தகடே படகுபோல வளைகிறது.

உள்ளே போகும் சூட்டின் அளவை எந்த வெல்டிங் மேற்பார்வையாளரும் மனக்கணக்காகவே சொல்வார். 24 வோல்ட், 200 ஆம்பியர் என்றால் 4,800 வாட். அதில் ஐந்தில் நான்கு பங்கு உலோகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். டார்ச் நொடிக்கு 8 மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறத்தாழ 480 ஜூல். அரை மீட்டர் நீளம், 20 செ.மீ. உயரமுள்ள சுவரை அடுக்குக்கு 2 மில்லிமீட்டராக எழுப்ப 100 அடுக்கு வேண்டும். வில் எரியும் நேரம் மொத்தம் ஒன்றேமுக்கால் மணி. ஒவ்வோர் அடுக்குக்கும் இரண்டு நிமிடம் ஆறவிட்டால், ஆறும் நேரம் மட்டும் மூன்று மணி இருபது நிமிடம். விலைப்பட்டியலில் ‘மணிக்கு மூன்று கிலோ’ என்று போட்டிருக்கும் இயந்திரம் உண்மையில் பாதி நேரத்துக்கும் மேல் சும்மா நிற்கிறது. இந்தத் தொழிலின் லாபநட்டமே இந்த இரண்டு நிமிடங்களில்தான் இருக்கிறது.

ஜோகூரில் அந்த இரண்டு நிமிடமும் நீளும். இங்கே மதியக் காற்று வருடம் முழுக்க 32 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களின் குளிர்காலத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. நியூட்டனின் குளிர்தல் விதியை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டால், 300 டிகிரியில் இருக்கும் உலோகம் 150க்கு இறங்க, 15 டிகிரிக் காற்றில் எடுப்பதைவிட 32 டிகிரிக் காற்றில் பத்தில் ஒரு பங்கு நேரம் அதிகம். 100 டிகிரி வரை இறங்கவேண்டுமென்றால் வித்தியாசம் 13 சதவீதம். நூறு அடுக்குக்கு அதைப் பெருக்கிப் பார்க்கவேண்டும். காற்றில் ஈரம் வேறு. இங்குள்ள வெல்டர்கள் வெல்டிங் குச்சிகளை அடுப்பில் சுட்டுச் சூடான பெட்டியில் வைத்தே எடுப்பது அதனால்தான்: ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் எஃகில் விரிசலையும் அலுமினியத்தில் நுண்துளைகளையும் உண்டாக்கும். ஆக, வெளிநாட்டுக் கட்டுரையில் இருக்கும் நிமிடக் கணக்கை அப்படியே எடுத்து பாசிர் கூடாங்கில் ஓட்ட முடியாது. இங்கே போட்டுப் பார்த்து, இங்கேயே எழுதவேண்டிய கணக்கு அது.

சூட்டை அடக்க உலகம் என்னென்ன செய்திருக்கிறது என்று பார்த்தால் வழிகள் பல. முதல் வழி, சூட்டைக் குறைத்தே போடுவது. ஆஸ்திரியாவின் ஃப்ரோனியஸ் நிறுவனம் 2000களின் நடுவில் கொண்டுவந்த முறையில், கம்பி உருகிய குளத்தைத் தொட்டவுடன் பின்னால் இழுக்கப்படுகிறது. நொடிக்குப் பல பத்துத் தடவை முன்னும் பின்னும் போகிறது. துளி மெதுவாக விடுபடுகிறது, மின்னோட்டம் அந்த நொடியில் தணிந்திருக்கிறது. மெல்லிய கார்த் தகடுகளுக்காக வந்த இந்த உத்தி இன்று மின்வில் அச்சில் மிகவும் பரவியிருக்கிறது.

இரண்டாவது, போட்ட சூட்டை இழுத்து வெளியேற்றுவது. அடித்தகட்டுக்குள் நீரோட்டம் விடுவார்கள். டார்ச்சுக்குப் பின்னால் குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சுவார்கள். பிரேசிலின் உபர்லாண்டியா பல்கலைக்கழகக் குழு 2020இல் வெளியிட்ட வழி எல்லாவற்றிலும் துணிச்சலானது. பொருளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்தே அச்சிடுகிறார்கள். சுவர் உயர உயர நீர்மட்டத்தையும் உயர்த்தி, உருகும் வரிக்குச் சற்றுக் கீழேயே நீர் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஐம்பதாவது அடுக்குக்கும் முதல் அடுக்குக்குக் கிடைத்த அதே குளிர்ச்சி கிடைக்கிறது. மின்வில்லையும் தண்ணீரையும் இத்தனை அருகில் வைப்பதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது, மழைக்காலத்தில் கப்பல் தளத்தில் வெல்டிங் செய்தவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது, காத்திருக்கும் நேரத்தை வேலையாக மாற்றுவது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஒவ்வோர் அடுக்கும் ஆறியபின் அதன்மேல் டன் கணக்கான அழுத்தத்தில் உருளையை ஓட்டினார்கள். வளைக்கும் இழுவிசையும் தளர்ந்தது, படிகங்களும் சிறுத்தன. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கருணாகரன் குழு வெல்டிங் டார்ச்சை ஒரு சி.என்.சி. இயந்திரத்தோடு சேர்த்து, அடுக்கு போட்டவுடன் அதன் தலையைச் சீவித் தட்டையாக்கி அடுத்த அடுக்குக்குப் போகும் முறையை உருவாக்கியது. சீவும் நேரத்தில் உலோகம் ஆறுகிறது, உயரமும் கணக்குப்படி நிற்கிறது. இருப்பதிலேயே எளிய வழி ஒன்று உண்டு: ஒரே மேசையில் நாலு பொருட்களை வைத்து, ஒன்று ஆறும்போது அடுத்ததுக்கு ரோபாட்டை அனுப்புவது. திருகை உருட்டி எதிர்ப்பக்கம் போட்ட மாசாய் வெல்டரும் அதைத்தான் செய்தார்.

கப்பல் ஊருக்கு நேராகப் பொருந்தும் உதாரணம் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து வருகிறது. அங்குள்ள ராம்லாப் கூடத்தில், டாமன் கப்பல் நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து, நிக்கல் அலுமினிய வெண்கலக் கம்பியால் 1,350 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உந்துவிசிறியை அச்சிட்டார்கள். 298 அடுக்குகள், சுமார் 400 கிலோ. இழுவைப் படகில் பொருத்திச் சோதித்து, 2017 நவம்பரில் பீரோ வெரிடாஸ் என்ற கப்பல் தரச்சான்று நிறுவனம் சான்று கொடுத்தது. வார்ப்படம் தயாராகும் வரை கப்பல் மாதக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த முயற்சியின் நோக்கம். பழுதுபார்க்க வரும் எல்.என்.ஜி. கப்பல்கள் வரிசையில் நிற்கும் பாசிர் கூடாங்குக்கு இதைவிடத் தேவையான செய்தி வேறில்லை.

சான்று கொடுப்பவர்கள் கேட்பவற்றில் முக்கியமான ஒன்று: ஒவ்வோர் அடுக்கும் எந்தச் சூட்டில் தொடங்கியது? அதைச் சொல்வது நினைப்பதைவிடக் கடினம். அகச்சிவப்புக் கேமரா உலோகத்தின் ஒளிர்வைப் பார்த்துச் சூட்டை ஊகிக்கிறது. புதிதாக உறைந்த துருப்பிடிக்காத எஃகு கண்ணாடிபோல் பளபளக்கும்போது குறைவாகக் காட்டும். மேலே ஆக்சைடு படிந்து கறுத்துவிட்டால் அதே சூட்டுக்கு வேறு எண் காட்டும். அதனால் தொட்டு அளக்கும் தெர்மோகப்பிளை வைத்துக் கேமராவைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். வேலை ஓடும்போது யாராவது ஒருவர் அந்த எண்ணைச் சந்தேகப்பட்டே ஆகவேண்டும்.

பாசிர் கூடாங்கிலிருந்து செனாய்–டெசாரு நெடுஞ்சாலையைப் பிடித்து, ஜோகூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனால் பெங்கேராங். பெட்ரோனாஸும் சவூதி அராம்கோவும் சேர்ந்து நடத்தும் சுத்திகரிப்பு ஆலை அங்கே இருக்கிறது. நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைக் காய்ச்சும் திறன் அதற்கு உண்டு. இப்படிப்பட்ட ஆலையிலும் கடல் மேடைகளிலும் உப்புநீர் படும் பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் டூப்ளெக்ஸ் என்ற எஃகு பிடித்தமானது. இரண்டு வகைப் படிகங்கள் ஏறத்தாழ சரிபாதியாக இருப்பதில்தான் அதன் பலம். வேகமாக ஆறினால் ஒரு வகை மிஞ்சும். மெதுவாக ஆறி 1,000க்கும் 600க்கும் இடைப்பட்ட டிகிரிகளில் நெடுநேரம் தங்கினால், சிக்மா என்ற நொறுங்கும் பொருள் உள்ளே விளைந்து, துரு எதிர்ப்பும் போய்விடும். டூப்ளெக்ஸ் வெல்டிங்கில் இன்டர்பாஸ் 150ஐத் தாண்டக்கூடாது, சூப்பர் டூப்ளெக்ஸில் 100ஐத் தாண்டக்கூடாது என்பது வழக்கமான எல்லை. சாதாரண எஃகு கடத்தும் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் இந்த எஃகு வகை சூட்டைக் கடத்தும். சுற்றிலும் 32 டிகிரிக் காற்று. அச்சிட்ட பம்பு உடல் ஒன்றை பெங்கேராங்குக்கு விற்க நினைப்பவர் முதலில் தீர்க்கவேண்டிய கணக்கு இது.

அதற்கான ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்? ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், பத்து பகாட் அருகே பரிட் ராஜாவில் துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பாசிர் கூடாங்கிலேயே அரசின் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. மாசாய், உலு திராம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். குழாயை 45 டிகிரி சாய்த்து நிறுத்தி வைக்கும் 6ஜி தேர்வில் தேறிய வெல்டருக்கு இன்டர்பாஸ் என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாதது ரோபாட்டுக்குப் பாதை போடும் மென்பொருள். மென்பொருள் தெரிந்த பட்டதாரிக்குத் தெரியாதது, வரியின் ஓரம் எப்போது வழியத் தொடங்கும் என்பது. ரோபாட் கையும் மிக் செட்டும் இந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் ஏற்கெனவே பழகிய பொருட்கள். கழகத்தின் வெல்டிங் வகுப்பில் இந்த இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரு சூப்பர் டூப்ளெக்ஸ் சுவரை 100 அடுக்கு எழுப்பச் சொல்லி, ஒவ்வோர் அடுக்கின் சூட்டையும் ஆறிய நேரத்தையும் எழுதிவைக்கலாம். பிறகு அந்தச் சுவரை அறுத்து மேலும் நடுவும் கீழும் துண்டெடுத்து, எங்கே எவ்வளவு சிக்மா விளைந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தால், ஜோகூர் காற்றுக்கான முதல் நிமிடக் கணக்கு கையில் இருக்கும். ஆலைக்கு விலை சொல்லும்போது கூட வைக்கவேண்டிய தாளும் அதுதான்.